வெர்லீன் சொன்ன இரண்டு இல்லை

வெர்லீன் பாய்கின்ஸ் பத்தொன்பது வருடம் ஹாம்ப்டன் பள்ளிக்கூடச் சமையலறையில் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டாள். நாற்பத்து நாலாவது வயதில் தலைமுடிக்குப் போடும் வலையைக் கழற்றி வைத்துவிட்டு, கப்பல் கட்டும் தளத்தில் எலக்ட்ரீஷியன் வேலை பழகப் போனாள். இரண்டு மாதம் தாங்குவாளா என்று சர்ச்சில் அவள் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். ஏழு வருடம் ஓடிவிட்டது. அப்படிப் பேசியவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் அவளுக்குத்தான் போன் செய்கிறார்கள்.

ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம்தான் கூட. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் அதுவே அவளுக்கு வசதியாகப் போயிற்று. ஆறடி ஆண்கள் தோள் சிக்கி முனகுகிற இடுக்கில் அவள் மல்லாந்து படுத்து, முகத்துக்கு ஒரு சாண் மேலே கேபிள் முனைகளை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டிருப்பாள். செய்த வேலையைச் சோதிக்க வருகிறவர்கள் அவள் பேரைப் பார்த்தால் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவளோ அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, முழுக்கப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வாள். கடலுக்கடியில் நூற்று முப்பது பேர் உயிர் அந்த முனைகளை நம்பி இருக்கிறது என்பது அவளுக்குத் தூக்கத்திலும் மறக்காது.

அந்த மார்ச் மாதம் ஃபோர்மன் ஸ்கில்மன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மிஸ் வெர்லீன், மூடின பக்கத்துல ஒரு குழுவுக்குத் தலைவர் வேணும். நான் உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

"என்னையக் கேக்காமயா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்வீங்க. கிளியரன்ஸ் படிவம் மட்டும் நிரப்பிடுங்க. வேற ஒண்ணும் வேலை இல்ல."

வேறு ஒன்றும் வேலை இல்லையாம். அந்தப் படிவத்தை நிரப்பியவர்களைக் கேட்டால் தெரியும். பத்து வருடத்தில் குடியிருந்த வீடுகள், அந்த வீடுகளில் நம்மைத் தெரிந்த ஆட்கள், மாமனார் பிறந்த ஊர், போன வெளிநாடு, பட்ட கடன் என்று அரசாங்கம் நம்மைப் புரட்டிப் போட்டுக் கேட்கும். அதையெல்லாம் சொல்லி முடித்தால்தான் ரகசியம் காக்கிற கப்பலின் மூடிய பகுதிக்குள் கால் வைக்க அனுமதி கிடைக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் கடற்படையில் இருந்திருந்தால், மற்றவர்களின் படிவத்தை அவரே உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பார். அவருக்குத்தான் அந்தப் பாஷை தெரியும். வெர்லீன் வீட்டில் அந்த ஆள் அவள் கணவர் டெல்பர்ட். இருபத்து நாலு வருடம் கடற்படை, ஓய்வு பெறும்போது சீஃப் என்கிற மூத்த பதவி. வெர்லீனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இரண்டு பேருக்குமே இது இரண்டாம் கல்யாணம். ஊரே அவரைச் சீஃப் என்றுதான் கூப்பிடும். அவளும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வறுத்த மீனும் கீரையும் சாப்பிட்டுவிட்டு, டெல்பர்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் கணினியைத் திறந்தார். அவர் கேள்வியை உரக்கப் படிப்பார், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்வாள், அவர் தட்டெழுதுவார். இரண்டு மணி நேரம் சிரிப்பும் கேலியுமாகத்தான் போயிற்று.

"அரசாங்கத்தைக் கவிழ்க்க எப்பவாவது சதி பண்ணியிருக்கியா?"

"இந்த வீட்டு அரசாங்கத்தையா?"

"அதுக்கு வேற படிவம் இருக்கு, செல்லம்." அடுத்த பக்கத்துக்குப் போனார். "கடந்த ஏழு வருஷத்துல உன் பேர்ல எந்தக் கடனாவது கட்டாம விட்டு வசூல்காரங்க கைக்குப் போயிருக்கா?"

தட்டைக் கழுவிக்கொண்டிருந்த வெர்லீனின் கை நின்றது. டெல்பர்ட் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் பொத்தான்மேல் காத்திருந்தது.

"இல்ல" என்றாள்.

அவர் 'இல்லை' என்பதை அழுத்திவிட்டு அடுத்த கேள்வியைப் படித்தார்.

இருந்தது. மூன்று கடன், வட்டியோடு சேர்த்து முப்பத்தோராயிரம் டாலர். எல்லாம் அவள் தம்பி கார்னெலுக்காக.

கார்னெல் தங்கமான பையனாக இருந்தவன். குடி அவனைத் தின்றுவிட்டது. கடைசியாக டெல்பர்ட்டின் படகு மோட்டாரைக் கழற்றி விற்றுக் குடித்தான். டெல்பர்ட் அவனை அடிக்கவில்லை, போலீசுக்கும் போகவில்லை. வாசலில் நின்று நிதானமாகச் சொன்னார்: "இனிமே இந்த வாசலை நீ மிதிக்கக் கூடாது." உள்ளே வந்து மனைவியிடமும் அதே நிதானத்தில் சொன்னார்: "அவனுக்காக இந்த வீட்டுலேருந்து ஒரு டாலர் போச்சுன்னா, அன்னிக்கு நான் பெட்டியத் தூக்கிடுவேன்." சும்மா மிரட்டுகிற மனிதர் இல்லை அவர். அவருடைய அப்பா குடித்தே கடன் வைத்தவர். கடன்காரர்கள் வந்து பிள்ளைகள் படுத்திருந்த கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனதை ஏழு வயதில் நின்று பார்த்தவர் டெல்பர்ட். அதன்பிறகு யாரிடமும் கைநீட்டியதில்லை.

ஆனால் கார்னெல் ஒரு நாள் ரிச்மண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "அக்கா, நான் செத்துருவேன்னு டாக்டர் சொல்றாரு, எனக்குச் சாகப் பிடிக்கல" என்று அழுதபோது வெர்லீன் என்ன செய்வாள்? அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். குடியை நிறுத்தும் விடுதி ஒன்றில் தொண்ணூறு நாள் சேர்த்தாள். தாங்காமல் ஓடிவந்தான். மறுபடி சேர்த்தாள். இரண்டாம் முறை குடி நின்றது. இடையில் தளத்தில் எட்டு மாதம் கூடுதல் வேலை இல்லாமல் போகவே தவணைகள் தவறின. கடிதங்கள் வீட்டுக்கு வராமல் இருக்கத் தபால் நிலையத்தில் ஒரு பெட்டி வாடகைக்கு எடுத்தாள். வாராவாரம் அதைத் திறந்து, படித்து, கிழித்துப் போட்டாள்.

படிவம் போன ஆறாவது வாரம் தற்காலிக அனுமதி கிடைத்துவிட்டது. வெர்லீன் மூடிய பகுதிக்குள் போனாள். ஏழு பேர் கொண்ட குழு. முதல் நாள் சாயங்காலம் டெல்பர்ட் நண்டு வாங்கிவந்து அவித்தார். சுத்தியலால் ஓட்டைத் தட்டிக்கொண்டே, "என் பெண்டாட்டி எனக்கே சீஃப் ஆயிட்டா" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். அவள் சிரித்தாள். தன் பங்கு நண்டை அவர் தட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

செப்டம்பரில் நிரந்தர அனுமதி கொடுக்கலாமா என்று பார்க்க அரசாங்கத்தின் விசாரணைக்காரி வந்தாள். தளத்து அலுவலகத்தில் ஒரு சின்ன அறை, கதவு சாத்தியிருந்தது. ஹாலரன் என்று பேர், பழைய போலீஸ்காரி, பேச்சில் குத்தல் இல்லை. வீடு, வேலை, குடும்பம் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அதையும் கேட்டாள்.

"கடன் ஏதாவது வசூலுக்குப் போயிருக்கா மேடம்? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தக் கேள்வியிலேயே ஒரு கை நீண்டிருந்தது. பிடித்துக்கொண்டிருக்கலாம். வெர்லீன் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரரையும் விசாரிப்பீங்களா?"

"விசாரிக்கலாம். விசாரிக்காமயும் இருக்கலாம்."

"இல்ல" என்றாள் வெர்லீன். "கடன் இல்ல."

ஹாலரன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூன்று கடனும் அதில் வரிசையாக இருந்தன. வெர்லீன் அதை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். அதன்பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், தம்பி, விடுதி, தபால் பெட்டி, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்ன பதில் உட்பட. "நான் உங்க அரசாங்கத்துக்கிட்ட பொய் சொல்லல, அந்தப் படிவத்தைத் தட்டிக்கிட்டு இருந்த மனுஷன்கிட்ட சொன்னேன்" என்றாள். ஹாலரன் அதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள்.

எழுந்து போகும்போது, "இதை முதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தாள்.

நவம்பரில் தற்காலிக அனுமதியை எடுத்துவிட்டார்கள். ஸ்கில்மன் தரையைப் பார்த்துக்கொண்டே அவள் நுழைவு அட்டையை வாங்கி வேறு அட்டை கொடுத்தான். வேலிக்கு வெளியே கருவி அறையில் துளைப்பான்களை எண்ணிக் கொடுத்து வாங்குகிற வேலை. அதே வாரம் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய ஒரு தடித்த கடிதம் வீட்டுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டவர் டெல்பர்ட். அடுத்தவர் பேருக்கு வந்த கடிதத்தை அவர் பிரிக்க மாட்டார். மேசைமேல் உப்புக் குப்பிக்குச் சாய்த்து வைத்திருந்தார்.

வெர்லீன் அதைக் குளியலறையில் வைத்துப் படித்தாள். அனுமதி கொடுக்க முடியாது என்பதற்கான காரணங்கள் அதில் இருந்தன, கடன்கள் ஒரு பகுதி. பொய் இன்னொரு பகுதி, படிவத்தில் ஒன்று, விசாரணையில் ஒன்று. இருபது நாளுக்குள் பதில் எழுத வேண்டும், விரும்பினால் நீதிபதி முன்னால் பேசலாம், சாட்சி கூட்டிவரலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் என்ன நடந்தது என்று சொல்ல உலகத்தில் இருப்பது ஒரே ஒரு சாட்சி. அவரைக் கூட்டிப்போனால் வேலை ஒருவேளை பிழைக்கும், வீடு போய்விடும். கூட்டிப்போகாவிட்டால் வீடு பிழைக்கும், அவள் மறுபடி அந்தக் கப்பலுக்குள் போக முடியாது.

கருவி அறைக்கு ஏன் மாற்றினார்கள் என்று டெல்பர்ட் கேட்டார். "முட்டி வலி, நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டு முடித்ததும் டெல்பர்ட் அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தைலம் தேய்க்க ஆரம்பித்தார். கடையில் விசாரித்து விலை கூடின தைலமாக வாங்கியிருந்தார். வட்டமாகத் தேய்ப்பார், வலிக்கிறதா என்று கேட்பார், நாளைக்குக் கொஞ்சம் தேவலையாக இருக்கும் என்பார். பதினொரு நாள் இப்படி நடந்தது. ஒன்றுமே இல்லாத முட்டி. பன்னிரண்டாம் நாள் வெர்லீனால் தாங்க முடியவில்லை.

"டெல், அந்த முட்டிக்கு ஒண்ணும் இல்ல."

"நல்லாயிடுச்சா?"

"எப்பவுமே ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, காலை இழுத்துக்கொண்டு போய்க் கடிதத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

கை தைலமாக இருந்ததால் துடைத்துவிட்டு வந்து படித்தார். இரண்டு முறை படித்தார். வெர்லீன் அலமாரியின் மேல்தட்டில் இருந்த அவருடைய பயணப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கேள்வியை நான்தான் படிச்சேன்" என்றார் டெல்பர்ட். "என் வாயால படிச்சு, உன் மூஞ்சிக்கு நேரா கேட்டேன்."

"நீங்க திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பாக்கணும்னு தோணல. நீ சொன்னா அது அப்படித்தான்னு இருந்தேன்."

இதற்கு அவள் அழுதாள். பெட்டி இறங்கவில்லை. ஆனால் பேச்சு நின்றுபோயிற்று. நாலு நாள் அவர் சமைத்தார், குப்பையை வெளியே வைத்தார், அவள் காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. ஐந்தாம் நாள் காலையில் காப்பிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "சாட்சி சொல்ல எப்போ வரணும்?" என்று கேட்டார்.

மே மாதம் நார்ஃபோக்கில் விசாரணை. வக்கீல் வைக்கக் காசில்லை. வைத்திருந்தாலும் அந்தக் காசு கடனுக்குத்தான் போயிருக்கும். அதற்குள் மூன்றில் ஒன்றைக் கட்டி முடித்து, மற்ற இரண்டுக்கும் மாதத் தவணை பேசி ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தாள். ஸ்கில்மன் வந்து, தன் பிள்ளை அந்தக் கப்பலில் போவதாக இருந்தால் கேபிள் முனையை வெர்லீன் இணைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுவேன் என்று சொன்னான். நீதிபதி நரைத்த அம்மாள். தலையாட்டிக் குறித்துக்கொண்டாள்.

பிறகு டெல்பர்ட்டைக் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதி எடுத்துக்கொண்டார். அரசாங்கத் தரப்பு வக்கீல் இளம் ஆள், மரியாதையாகத்தான் பேசினான்.

"சார், அன்னிக்கு உங்க மனைவி கடன் இருக்குன்னு உண்மையச் சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

வெர்லீன் மடியில் இருந்த கையைப் பார்த்தாள். முதல்ல கோபப்பட்டிருப்பேன், அப்புறம் சேர்ந்து ஒரு வழி பார்த்திருப்போம் என்று எந்தக் கணவனும் சொல்வான். அப்படிச் சொன்னால், பிறகு இவள் எதற்குப் பயந்தாள், பயம் என்பதே கட்டுக்கதை என்று வக்கீல் மடக்கிவிடுவான். டெல்பர்ட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவர் யோசித்தார்.

"கிளம்பிப் போயிருப்பேன் சார்."

"கோபத்துல ரெண்டு நாளா?"

"இல்ல சார். நிஜமாவே போயிருப்பேன். போவேன்னு அவகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். நான் சொன்னதைச் செய்யற ஆளுன்னு அவளுக்குத் தெரியும். பதினாலு வருஷமா அதைத்தான் பெருமையா நெனச்சிட்டு இருந்தேன்." நீதிபதி பக்கம் திரும்பினார். "என் பெண்டாட்டி உங்ககிட்ட பொய் சொல்ற ஆள் இல்ல. என்கிட்ட உண்மை சொல்ல முடியாத மாதிரி ஒரு வீட்டை நான் வச்சிருந்தேன். அதை இங்க வந்துதான் சொல்ல வேண்டியிருக்கு."

திரும்பும்போது சுரங்கப் பாதைக்கு முன்னால் வழக்கம்போல வண்டிகள் நின்றுவிட்டன. டெல்பர்ட் கோட்டைக் கழற்றிப் பின் இருக்கையில் போட்டிருந்தார்.

"அவன் குடிய விட்டுட்டானா?"

"விட்டுட்டான். இருபத்தொன்பது மாசம் ஆச்சு."

"என்ன பண்றான்?"

"போர்ட்ஸ்மத்ல ஒரு டயர் கடையில வேலை. உங்க மோட்டாருக்குன்னு மாசாமாசம் காசு எடுத்து வைக்கிறான். எப்படிக் கொண்டாந்து குடுக்கறதுன்னு தெரியாம வச்சிட்டிருக்கான்."

வண்டிகள் நகர்ந்தன. பாதி தூரம் போனபிறகு டெல்பர்ட், "நம்ம காசு வீணாப் போகல" என்றார். உன் காசு என்று சொல்லியிருக்கலாம், அவன் கடன் என்றும் சொல்லியிருக்கலாம். வெர்லீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினாலு வருடத்தில் அந்த மனிதர்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

தீர்ப்பு ஏழு வாரம் கழித்துத் தபாலில் வந்தது. பதினொரு பக்கம். இந்தத் தடவை வெர்லீன் அதைச் சமையலறை மேசையிலேயே பிரித்து, டெல்பர்ட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே உரக்கப் படித்தாள்.

கடன்களை நீதிபதி மன்னித்திருந்தாள். உடன்பிறந்தவனைக் காப்பாற்றப் பட்ட கடன், ஒழுங்காகக் கட்டி வருகிறாள், இதை வைத்து யாரும் அவளை மிரட்டி ரகசியம் வாங்க முடியாது, ஏனென்றால் இனி மறைக்க எதுவும் இல்லை என்று எழுதியிருந்தாள். படிவத்தில் சொன்ன பொய்யையும் கணவரின் சாட்சியை நம்பி ஒதுக்கியிருந்தாள். ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் செப்டம்பர் மாதம் வந்துவிட்டது. உண்மையைத் தானாகச் சொல்ல அவளுக்கு ஒரு நல்ல சந்தர்ப்பம் கொடுக்கப்பட்டது, கதவு சாத்தியிருந்தது, கேட்டவர் அரசாங்க அதிகாரி, காகிதத்தைக் காட்டும்வரை அவள் இல்லை என்றே சொன்னாள், அப்போது அந்த அறையில் அவளுடைய கணவர் இல்லை. ஆகவே அனுமதி மறுக்கப்படுகிறது. ஒரு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

வெர்லீன் காகிதத்தை மேசையில் வைத்தாள். அவளுடைய குழு, அவளுடைய இடுக்கு, முகத்துக்கு ஒரு சாண் மேலே அவள் பேரைச் சொல்லும் வேலை எல்லாம் போயிற்று. ஒரு வருடம் கழித்து அவளுக்கு ஐம்பத்து மூன்று ஆகியிருக்கும், அந்த இடத்தில் வேறு ஆள் நிலைத்திருப்பான்.

"அந்தம்மா எழுதினது சரிதான்" என்றாள். "அங்க நான் சொல்லியிருக்கலாம். நீங்க அந்த ரூம்லயே இல்ல."

டெல்பர்ட் ஒன்பதாம் பக்கத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வரியைத் தானும் ஒரு தடவை படித்தார்.

"இல்ல வெர்" என்றார். "இருந்தேன்."